பந்திக்கு முன்னால்

மகள் நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளையின் தென்காசி வீட்டில் பந்தியும் போட்டாச்சு. மீராளுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. குற்றாலச் சாரலிலும் வேர்த்துக் கொட்டியது.

"சோறு ஆறுது, வாங்க சம்பந்தி!" மாப்பிள்ளையின் உம்மா மறுபடியும் கூப்பிட்டாள்.

"இந்தா வந்துட்டேன்."

முந்தானை முடிச்சைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் நழுவினாள். இது அவர்கள் கண்ணில் பட்டால் மகள் வாழ்வே போச்சு.

அடுப்பில் ஏற்கெனவே ஒரு சட்டித் தண்ணீர் கொதித்தது. அதற்குள் கண்ணாடி சிரிஞ்சு!

"என்னோடதுதான் மாமி." மாலையைக்கூடக் கழற்றாமல் நின்ற புது மாப்பிள்ளை கிதிர் குரலைத் தாழ்த்தினான். "சர்க்கரை வியாதி. டாக்டர் எழுதித் தந்த இன்சுலின். சோத்துக்கு முன்னால போடணும். பொண்ணு வீட்டுல மூச்சு விடக் கூடாதுன்னு உம்மா..."

'இப்படி ஏமாத்தலாமா?' என்று கேட்க வாயெடுத்த மீராள், சட்டென்று கதவைச் சாத்தினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் சிரிஞ்சையும் மெல்லச் சட்டிக்குள் இறக்கினாள்.

"கொஞ்சம் பொறுங்க மாப்ள. ரெண்டும் நல்லாக் கொதிக்கட்டும்."