வாசல் மாற்றிய வீடு

நன்றாக இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, தன் வீட்டின் பின்சுவரை உடைத்துப் புது வாசல் வைத்திருந்தார் கொத்தனார். முன்னால் இருந்தது அகலமான தார் ரோடு. பின்னால் இருப்பது சாக்கடை ஓடும் சந்து.

பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? 'ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது' என்று மனு போட்டுவிட்டார். அளவு டேப்பும் வரைபடமுமாக நில அளவை அதிகாரி அம்மா வந்து நின்றார்.

அந்தத் தெருவின் தலையெழுத்து அப்படி. முன்னால் பெரிய ஊர், பின்னால் சின்ன ஊர்; இரண்டுக்கும் நடுவே போகிற எல்லைக்கோடு, வீடுகளின் கூடத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. கோட்டுக்காக வீட்டை அறுக்க முடியுமா? அதனால் ஒரு விதி. தலைவாசல் எந்த ஊரில் திறக்கிறதோ, குடும்பம் அந்த ஊர்க் கணக்கு; தண்ணீரும் பள்ளிக்கூடமும் அந்த ஊரில்தான்.

"போன மாசம் வரைக்கும் நீங்க பெரிய ஊர். இப்ப சின்ன ஊர். ஏன்?"

"நல்லா காத்து வரும்னுதான் மேடம்."

"சாக்கடைக் காத்தா?"

கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"அங்க ஏதாவது கேஸ் இருக்கா? யாருக்காவது பயந்து ஊர் மாறுறீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

"இங்க ரெண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி வரும். தெரியும்ல?"

"அதை என்கிட்ட கேளுங்க" என்றபடி இடுப்புக் குடத்தை இறக்கினார் கொத்தனாரின் மனைவி. "சாதாரணமா இவர் சொல்ற எதுக்கும் நான் தலையாட்ட மாட்டேன். இந்த ஒரு விஷயத்துல மட்டும் நானும் இவர் கட்சி."

புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டிதான் என்று நினைத்துக்கொண்டு அதிகாரி படிவத்தைப் பிரித்தார்.

"பிள்ளைங்க எத்தனை?"

"மூணு. மூணும் இனிமே இந்தச் சந்துப் பள்ளிக்கூடம்தான்."

அதிகாரிக்குக் கோபமே வந்துவிட்டது.

"அந்த ஊர் ஸ்கூல்ல மைதானம் இருக்கு, வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்காங்க. இங்க ஒரே ரூம், ஒரே டீச்சர். உங்க பிடிவாதத்துக்குப் பெத்த பிள்ளைங்கதான் கிடைச்சாங்களா?"

மனைவி மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. வேண்டா வெறுப்பாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, புது வாசல் வழியாகச் சந்தில் இறங்கினார் அதிகாரி. கொத்தனாரும் வழியனுப்பப் பின்னாலேயே வந்தார்.

எதிரிலேயே பள்ளிக்கூடம். கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

'இருபது மாணவர்களுக்குக் குறைந்தால் இப்பள்ளி இம்மாதத்துடன் மூடப்படும்.' அதன் கீழே யாரோ சாக்பீஸால் '17' என்று எழுதியிருந்தார்கள்.

இதை மூடினால் சின்ன ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரின் அடுத்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்பது வரைபடம் போட்ட அதிகாரிக்குத் தெரியாதா என்ன?

பள்ளிக்கு அடுத்த வீட்டு வாசலில், சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொத்தனாரைப் பார்த்ததும் கேட்டாள்:

"மாமா, இருபது ஆயிடுச்சா?"