ஏசி மேல வச்ச மாவு பாக்கெட்

வெயில் காலம் முழுக்க எங்க ஏசி ஜன்னலைப் பூட்டியே வச்சிருக்கும். குளிர் வந்தாத்தான் தன்னையே சுத்தம் பண்ணி மூடிக்கிட்டு, ஜன்னலைத் திறந்து விடும். இப்பல்லாம் குளிர் எங்க வருது? தெருவுலயும் இறங்க முடியல. என் வீட்டுக்காரி மங்கை, எதிர் பிளாட்ல இருக்கற அவ அக்காகிட்ட கண்ணாடி வழியா கைஜாடையிலதான் பேசறா; அங்கயும் இதே ஏசிதான்.

"போன் இருக்கே"ன்னு நான் சொன்னா, "அதெல்லாம் ஒரு பேச்சா?"ங்கறா.

நேத்து பொறுக்க முடியாம, பிரிட்ஜ்ல இருந்த இட்லி மாவு பாக்கெட்டை எடுத்து ஏசி சென்சார் மேல வச்சு அமுக்கிட்டா. குளிர்காலம் வந்துருச்சுன்னு நினைச்சு ஏசி மூடிக்கிச்சு. ஜன்னல் திறந்துச்சு.

"அக்கா!"ன்னு கத்தினா. கண்ணாடிக்குப் பின்னாடி அக்கா காதைத் தொட்டு, கேக்கலைன்னாங்க.

அனல் உள்ள அடிச்சுது.

"மூடு மங்கை!"

"மூட மாட்டேங்குதுங்க!"

சர்வீஸ்காரருக்குப் போன் பண்ணேன். "சீசன் முடிஞ்சுதுன்னு முடிவு பண்ணிருச்சு சார். இனிமே அடுத்த மார்ச்சுலதான் ஓடும், ஜன்னலும் அப்பத்தான் மூடும்."

திரும்பிப் பாத்தா, மங்கை மாவு பாக்கெட்டைத் தூக்கி அக்காவுக்குக் காட்டிட்டிருக்கா. நான் ஓடிப்போய் ரெண்டு கையையும் ஆட்டி வேண்டாம், வேண்டாம்னேன்.

அக்கா சிரிச்சாங்க. எனக்கும் கையாட்டிட்டு, பிரிட்ஜ் பக்கம் போனாங்க.