முதல் அறை

"இன்னும் சுலபமாக்கு," என்றார் முதலாளி.

"இதுக்கு மேல சுலபமாக்கினா அது விளையாட்டே இல்ல சார். லிஃப்ட்ல ஏறி இறங்கற மாதிரி ஆயிடும்."

"லிஃப்ட்ல எல்லாரும்தானேப்பா ஏறறாங்க. நான் கேக்கறதும் அதைத்தான்."

அவன் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தான். 'பாழ்மாளிகை' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் நான்கு பாகங்களையும் வடிவமைத்தவன் அவன்தான். கும்மிருட்டு, பசித்த ஓநாய், காலை வைத்ததும் வாய் பிளக்கும் தரை என்று விளையாட வந்தவர்களைப் படாதபாடு படுத்தியிருந்தான். ரசிகர்கள் பாதிப் பாசத்திலும் பாதி வயிற்றெரிச்சலிலும் அவனுக்குக் 'குழிவெட்டி' என்று பெயர் வைத்து, இணையத்தில் தங்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பட்டத்தைப் பற்றி அவன் அலுவலகத்தில் மூச்சு விட்டதில்லை.

ஆனால் அந்த ரசிகர்கள் ஒரு கைப்பிடி ஜனம். ஐந்தாம் பாகத்தை வீட்டுக்கு வீடு விளையாட வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். 'எல்லாருக்கும் புரிகிறதா' என்று பார்க்க அவர் பிடித்துக்கொண்டு வந்த ஆள், சொந்த மனைவி.

"அவளுக்கு டிவி ரிமோட்டே பிடிபடாது. அவ முதல் அறையைத் தாண்டிட்டா ஊரே தாண்டிடும். தாண்டலைன்னா, தப்பா நினைச்சுக்காத, இந்தப் பாகத்தை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மா சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, அதன்மேல் விளையாட்டுக் கன்ட்ரோலர். எதிரே பெரிய திரையில் ஓர் இருண்ட கல் அறை, மூலையில் ஓர் ஓநாய், கோடியில் ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

திரைக்குள் அம்மா கதவுப் பக்கமே போகவில்லை. சுவர் ஓரமாக நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு கல்லாக முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருட்டுல தடுமாறறா பாரு. வெளிச்சம் போடு."

அவன் மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் தட்டினான். அறை கல்யாண மண்டபம் மாதிரி பளிச்சென்று ஆயிற்று. அம்மா ஒரு கணம் நின்றார், பிறகு இன்னும் கவனமாகச் சுவரைத் தடவ ஆரம்பித்தார்.

"அந்த நாய்க்குப் பயப்படறா போல."

"ஓநாய் சார்."

"ஏதோ ஒண்ணு. எடுத்துடு."

அந்த ஓநாயின் ஊளை அவனுடைய சொந்தக் குரல். தொண்டை கட்டும்வரை ஊளையிட்டுப் பதிவு செய்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதை அழித்தான். கூடவே, தன் கையால் வெட்டிய குழிகளையும் தன் கையாலேயே மூடினான். அம்மாவோ ஓநாய் நின்ற இடத்தைச் சந்தேகமாக உற்றுப் பார்த்துவிட்டுப் பழையபடி சுவருக்கே போனார்.

"என்னதான் பண்றா இவ?" முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சுவர்ல ஒரு அம்புக்குறி இருக்கே, அதைப் பெருசாக்கிக் கதவைப் பாத்துத் திருப்பி வை. சிவப்பா, மின்னி மின்னி எரியட்டும்."

வைத்தான். குருடனுக்கும் தெரியும் அளவுக்கு அம்புக்குறி மின்னியது. அம்மா அதன் எதிரில் வந்து நின்றார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா அம்புக்குறியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சிரித்துவிட்டு நேர் எதிர்த்திசையில் நடந்து சுவரில் முட்டினார்.

"சிரிக்கிறாளேப்பா." முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. "வீட்ல நல்லாத்தானே இருந்தா. டாக்டர் யாரையாவது பாக்கணுமோ?"

அவனுக்கும் தலை சுற்றியது. எடுக்க எடுக்கத்தான் அந்த அம்மாளுக்குக் குழப்பம் கூடுகிறது. இனி எடுப்பதற்கு அந்தக் கதவைத் தவிர எதுவும் இல்லை. கதவையும் எடுத்துவிட்டால், பேசாமல் தன்னையும் எடுத்துவிடச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலாளி போனை எடுத்துக்கொண்டு தெரிந்த டாக்டரைக் கூப்பிட வராந்தாவுக்குப் போனார். இதுதான் சமயம் என்று அவன் கண்ணாடித் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கதவு எதிர்லயே இருக்கு. அம்புக்குறியும் அதைத்தான் காட்டுது. ஏன் அந்தப் பக்கம் போகவே மாட்டேங்கறீங்க? இதுல என் பிழைப்பே இருக்கும்மா."

அம்மா முதலில் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக் கணவர் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவர் முன்னாடி முதல் அறையிலயே சாகக் கூடாதேன்னு பாக்கறேன் தம்பி. வெளிச்சம் வந்துச்சு, ஓநாய் போச்சு, இப்ப அம்புக்குறி வேற இந்தப் பெருசு. நீங்க இவ்வளவு உபசாரம் பண்ணினா எனக்குச் சந்தேகம் வராதா?"

அம்மா கன்ட்ரோலரைப் பார்க்காமலே விரல்களை ஓட்டி, அடுத்த கல்லை முட்டினார்.

"நாலு பாகத்துலயும் அம்புக்குறியை நம்பித்தானே விழுந்து விழுந்து செத்தேன்? சொல்லுங்க குழிவெட்டி, நிஜக் கதவை இந்தத் தடவை எந்தக் கல்லுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கீங்க?"