கத்தி வேண்டாம்

“முதல்ல காலை அறுக்கிற பேச்சை விடுங்க டாக்டர்!”

அப்பா மேஜையைத் தட்டிய வேகத்தில், மூலையில் தொங்கிய எலும்புக்கூடு பொம்மையே ஆடிப்போயிற்று. எலும்பு டாக்டர் இப்படி ஒரு தகப்பனை இதுவரை பார்த்ததில்லை.

“நீங்க சும்மா இருங்க,” என்று அடக்கினாள் அம்மா. “டாக்டர், எங்க பொண்ணுக்குப் பதிமூணு வயசு. கால் அவங்கப்பா சைஸுக்கு வளர்ந்தாச்சு, உள்ளங்கால்ல மட்டும் வளைவே இல்லை. குளிச்சிட்டு வந்தா பாத்ரூம்லேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் தட்டை தட்டையா ஈரத் தடம்! ஆபரேஷன் பண்ணிடுங்க.”

டாக்டர் மகளை நுனிக்காலில் நிற்கச் சொன்னார். பாதத்தில் அழகாக வளைவு எழும்பியது.

“வலிக்குதாம்மா?”

“இல்லை அங்கிள்.”

“அப்ப கத்தியே வேண்டாம். தினமும் நுனிக்கால்ல நடந்து பழகட்டும், போதும்.”

அப்பா கண் கலங்க டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற பாசத்தைப் பார்த்து டாக்டரே நெகிழ்ந்துபோனார்.

மூவரும் வெளியே போன இரண்டு நிமிடத்தில் அப்பா மட்டும் திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

“டாக்டர், அப்படி நடந்தா அவளுக்கு வளைவு வந்துடுமா?”

“வந்தாலும் வரலாம்.”

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். பாதம் பலகை மாதிரி இருந்தது.

“அப்ப எனக்கு ஆபரேஷன் பண்ணிடுங்க. நான் சர்க்கரை வியாதிக்காரன். பிரிட்ஜ்ல கேக் காணாமப் போறப்பல்லாம் என் சம்சாரம் தடத்தைப் பார்த்துட்டு பொண்ணைத்தான் திட்டுறா. இனிமே வீட்ல தட்டைக் கால் என்னோடது மட்டும்தானே டாக்டர்!”