மொரப்பூரில் நாலு நிமிஷம்

"இன்னைக்கும் நாலு நிமிஷம் லேட்டுங்க சார். எழுதிட்டேன்."

வண்டிகளின் நேரத்தைக் கண்காணிக்கும் இன்ஸ்பெக்டர் பூபதியிடம் போனில் சொல்லிவிட்டு இன்னாசி நோட்டை மூடினார்.

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியாக வருகிற கார்டு அவர். அந்த வேலைக்கு இப்போது ரயில் மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெட்டி மட்டும் பழைய பெட்டிதான்.

மூன்று மாதமாக அவர் நோட்டில் தாமதத்துக்கு ஒரே காரணம்தான்: டிரைவர் குப்புராஜ். இருவருக்கும் பெரும்பாலும் ஒரே வண்டி அமைந்தது.

சிக்னல் விழுந்த பிறகும் குப்புராஜ் வண்டியை அங்குலம் அங்குலமாகத்தான் நகர்த்துவார். பிளாஸ்க் மூடியில் இன்னாசி ஊற்றி வைத்த டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது. இப்படி ஒரு மந்தமான ஆளை முப்பத்தோரு வருட சர்வீஸில் பார்த்ததில்லை என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரக்கு வண்டி மொத்தமாக ஒரே நேரத்தில் கிளம்பாது. பெட்டிகளை இணைக்கும் ஒவ்வொரு கொக்கியிலும் கொஞ்சம் தளர்வு இருக்கும். எஞ்சின் இழுத்ததும் ஒவ்வொன்றாக விறைத்துக்கொண்டு வரும். முன்னாலிருந்து 'டடக் டடக்' என்று சத்தம் ஓடி வந்து, ஐம்பத்தெட்டு பெட்டியின் வெட்டி இழுப்பையும் சேர்த்துக் கடைசிப் பெட்டியில் இறக்கும்.

அதிர்ச்சியைத் தாங்கக் கொக்கிக்குப் பின்னால் ரப்பர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். கார்டின் முதுகுக்குப் பின்னால் யாரும் எதுவும் வைக்கவில்லை.

இன்னாசியின் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியிருந்தது. அது அவர் மனைவிக்கும் சேலத்து டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஆபீஸுக்குத் தெரிந்தால் வண்டியை விட்டு இறக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். ரிட்டயராக இன்னும் பத்து மாதம். கடைசி நாள் வண்டியை விட்டு, கூட வேலை செய்தவர்கள் போடும் மாலையோடு இறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் சட்டைக்குள் பெல்ட் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

பெல்ட் கட்டியதிலிருந்து வலி அவ்வளவாக இல்லை. எல்லாம் மாதா கருணை என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

நோட்டு வேலை செய்தது. பூபதி விளக்கம் கேட்டார். "வயசாகுதுங்க சார்" என்று மட்டும் சொன்னாராம் குப்புராஜ். இன்னொரு முறை தாமதமானால் மெயின் லைன் கிடையாது, யார்டில் பெட்டி தள்ளுகிற வேலைதான் என்று எச்சரித்து அனுப்பினார்கள். அடுத்த நடையிலும் அதே நாலு நிமிடம். இன்னாசியும் விடாமல் எழுதினார்.

இரண்டு நாள் கழித்து மொரப்பூரில் வண்டி நின்றபோது, புது டிரைவர் ரஞ்சித்குமாரை அழைத்துக்கொண்டு பூபதியே எஞ்சினில் ஏறினார். குப்புராஜை இறக்கிவிட்டார்கள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குப்புராஜ் வண்டியின் நீளம் முழுக்க நடந்து கடைசிப் பெட்டிக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று இன்னாசி முந்திக்கொண்டார்.

"நான் என் வேலையத்தான் செஞ்சேன், குப்புராஜ். ஒரு நிமிஷம்கூடக் கூட்டி எழுதல."

"அத விடுங்கண்ணா. இனிமே கொடி காட்டினதும் நிக்காதீங்க. உக்காந்து ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்குங்க. ரஞ்சித்குமார் நல்லாத்தான் ஓட்டுவாரு. ஆனா உங்க முதுகு சங்கதி அவருக்குத் தெரியாதுங்க."

இன்னாசியின் கை சட்டைக்குள்ளிருந்த பெல்ட்டுக்குப் போனது. யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லையாம். தை மாதம் பொம்மிடியில் இவர் படி இறங்கியதை குப்புராஜ் பார்த்தாராம். காரிமங்கலத்தில் அவர் வூட்டுக்காரிக்கும் இதே நோவு. படி இறங்குகிற தினுசிலேயே தெரிந்துவிட்டதாம்.

"அப்ப பூபதி சார் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா உங்களத்தானுங்கண்ணா இறக்கியிருப்பாங்க" என்றார் குப்புராஜ். பையைச் சரிசெய்துகொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. பூபதிதான். சிக்னல் விழுந்து ரெண்டு நிமிஷமாகிறது, கொடி காட்டுங்கள் என்றார். இன்னைக்காவது வண்டி நேரத்துக்குக் கிளம்பட்டும் என்று சிரித்தார்.

இன்னாசிக்கு அவமானமாக இருந்தது. அடுத்தவன் நிமிடத்தையெல்லாம் எழுதிய மனுஷன், தன் முதுகை மட்டும் எங்கேயும் எழுதாமல் மறைத்திருந்தார். அந்த முதுகைத்தான் குப்புராஜ் மூன்று மாதமாகப் பொத்திப் பொத்தி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

பச்சைக் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"வண்டிய எடுக்காதீங்க சார். குப்புராஜ் ஸ்டேஷனுக்கு நடந்து போறாரு, அவரக் கூப்பிட்டு ஏத்துங்க. இறங்க வேண்டியவன் நான்."