மகள் வடிவம்

வீட்டு ஆக்சிஜன் இயந்திரத்தின் கையேட்டை எந்த வடிவத்தில் தருவது என்று, நிறுவனத்துக்காக அதை எழுதும் அருட்செல்வி மூன்று வாரம் குழம்பினாள். எண் போட்ட பட்டியலாகத் தந்தால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. படமாகத் தந்தால் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மகள் போனில் கூப்பிட்டுத் திட்டுவதுபோல் பேசும் குரலாகத் தந்தபோதுதான் நோயாளிகள் எல்லோரும் ஃபில்டரை ஒழுங்காக மாற்றினார்கள். அந்த வடிவமே முடிவானது. கோவில்பட்டியில் தனியாக இருக்கும் அப்பாவின் இயந்திரத்துக்குத் தன் குரலையே கொடுத்தாள்; அது தினமும் அவரைப் போனில் கூப்பிட்டது.

ஆறு மாதம் கழித்து அவளே அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“அப்பா, நாளைக்கு எனக்கு ஆபரேஷன். கொஞ்சம் கிளம்பி வர்றீங்களா?”

“ஃபில்டரக் காலையிலயே மாத்திட்டேன் தாயி.”

“அது கையேடுப்பா. இப்போ பேசுறது நான்.”

“நேத்தும் இப்படித்தான சொன்ன?”

கையேட்டில் அப்படி ஒரு வரியை எழுதியதாக அவளுக்கு நினைவில்லை. கையேடு தானாகவே கற்றுக்கொண்டதா? அப்பா எதையாவது குழப்பிக்கொள்கிறாரா? தான்தான் பேசுகிறோம் என்று எப்படி நம்ப வைப்பதென்று தெரியாமல் அழுதுவிட்டாள்.

“சரி சரி, அழாத தாயி,” என்றார் அப்பா. “இந்தா, இன்னொரு தடவ மாத்திடுறேன்.”