இன்னும் நடக்கலை

"ஒன்னேகால் வயசாச்சு டாக்டர், இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கலை!" ரேணுகாவின் குரல் உடைந்தது.

"கால்ல ஒரு குறையும் இல்லைம்மா. இன்னும் ரெண்டு மூணு மாசம் பொறுங்க."

பொறுமைக்கு அவள் எங்கே போவாள்? எதிர் ஃப்ளாட் குழந்தை பதினோராம் மாதமே ஓடியது. அவள் மகன் இனியனோ எந்நேரமும் தாத்தாவின் இடுப்பில்.

மாமனார் கஜபதி ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் சேக்காட்டில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு, அண்ணனூரில் இவர்களுடன் வந்து தங்கியிருந்தார்.

"நடந்துட்டா டே கேர்ல சேர்த்துக்குவாங்க மாமா. அப்புறம் நீங்களும் உங்க வீட்ல நிம்மதியா இருக்கலாம்" என்பாள் ரேணுகா.

"ஆகட்டும்மா" என்பார்.

டாக்டரைப் பார்த்த மறுநாள் ஆபீசிலிருந்து சீக்கிரமே திரும்பியவள், சாவி போட்டுக் கதவை லேசாகத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தத்தக்கா பித்தக்கா என்று நடந்துகொண்டிருந்தான் இனியன்!

"போதும்டா நைனா" என்றார் கஜபதி. "உங்கம்மா வந்துருவா. நீ நடக்குறது தெரிஞ்சா டே கேர்ல உட்டுருவாங்க. தாத்தா அந்த ஊட்ல தனியா சுவத்தைப் பாத்துகினு கெடக்கணும்."

ரேணுகாவின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, காலிங் பெல்லை அழுத்தினாள்.

கதவு திறந்தபோது இனியன் தாத்தாவின் இடுப்பில் இருந்தான்.

"இன்னைக்கும் நடக்கலையா மாமா?"

"இல்லம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

"மெதுவா நடக்கட்டும். நடந்த பிறகும் அவன் பின்னாடி ஓட ஆள் வேணும்ல? டே கேர் வேணாம் மாமா, நீங்க இங்கேயே இருங்க."